நாப்பது வண்டியின் சத்தம்

செவக்காட்டுப்பட்டிக்காரர்களுக்குக் காது கொஞ்சம் வேறு மாதிரி. தாயில்பட்டியைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே கிடக்கும் அந்த ஊரில் கல்யாண வீட்டு மைக்செட் நாள் முழுக்க அலறினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வேலை நாளில் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும், உலை கொதித்தால் கொதித்தபடி, பிள்ளை அழுதால் அழுதபடி, ஊரே தெருவுக்கு வந்துவிடும். முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், புகை எழும்புகிறதா என்று. அப்புறம் கண்மாயைப் பார்த்து ஓட்டம்தான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வீட்டுக்கு ஒரு ஆளாவது அங்கே வேலையில் இருக்கும்.

கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். அது கணக்கில் சேராது. மற்ற நேரத்துச் சத்தம் எதுவானாலும் ஓடித்தான் பார்ப்பார்கள். மூச்சிரைக்கப் போய், லாரி டயர் வெடித்தது என்று தெரிந்துகொண்டு, சிரித்துப் பேசியபடி திரும்பி வந்த நாட்கள் நிறைய. வீணாக ஓடினோமே என்று யாரும் அலுத்துக்கொண்டதில்லை. வீணாக ஓடியிருந்தால் எல்லோரும் பத்திரம் என்றுதானே அர்த்தம்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் பாண்டிராஜ் வெடிக்கிற காரைக் கொண்டுவந்து சேர்த்தான்.

அவன் வேண்டுமென்று செய்தவனில்லை. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற ஆள். பல வருஷம் கம்பெனிகளுக்கு லோடு வேன் ஓட்டியவன். சொந்தமாக ஒரு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது ஆசை. ஆசை அவனுக்கு, அவசரம் அவன் மனைவி மாடத்திக்கு. பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து அவள் பட்டாசு வேலைக்குப் போகிறாள். பேப்பர் சுற்றி, சரம் பின்னி, இப்போது வெடிமருந்து அடைக்கிற ரூமில் இருக்கிறாள். அலுமினியப் பவுடர் ஏறி அவள் கை எப்போதும் வெள்ளிப்பூச்சாக மினுங்கும். எந்த சோப்புக்கும் அது போகாது.

"வண்டி வாடகைக்கு ஓட ஆரம்பிக்கிற அன்னைக்கு நான் வேலைய விட்டுருவேன். ரெண்டு கையையும் தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் களுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்," என்று மாடத்தி சொல்லியிருந்தாள். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

விருதுநகரில் எண்ணெய் வியாபாரி ஒருவர் வீட்டு ஷெட்டில் பழைய ஃபியட் கார் ஒன்று என்ஜின் செத்துக் கிடந்தது. அதைத்தான் பாண்டிராஜ் வாங்கினான். என்ஜினைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவன் இருளாண்டி. தாயில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பாண்டிராஜோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நாளில் படிப்பை விட்டவன். விருதுநகரில் சாத்தூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என்ஜினைக் குண்டுமணி மிச்சமில்லாமல் கழற்றி, லேத்தில் கொடுத்து உள்ளே கடைந்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு, தீபாவளி சீசன் தொடங்கும் நேரத்தில் வண்டியைக் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது சாவியைச் சட்டென்று விடவில்லை.

"ஏலே பாண்டி, கேட்டுக்கோ. பேருதான் பளைய வண்டி, உள்ள இருக்கது நேத்துப் பொறந்த என்ஜின். பிஸ்டனும் அது ஓடுற போரும் இன்னும் ஒண்ணுக்கொண்ணு பளகலை. புதுசாக் கட்டுன புருசன் பொண்டாட்டி மாதிரி, கொஞ்ச நாளைக்கு ஒரசலாத்தான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதத் தாண்டாத. லோடு ஏத்தாத. ஆயிரம் முடிஞ்சதும் ஆயில மாத்தி, டைமிங், கார்பரேட்டர் எல்லாம் நானே வந்து டியூன் பண்ணித் தாரேன். அதுக்கப்புறம் வாடகைக்கு ஓட்டு."

இருளாண்டி சொன்னதைப் பாண்டிராஜ் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். காலையிலும் சாயங்காலமும் வெம்பக்கோட்டை ரோட்டில் காலி வண்டியை உருட்டிக்கொண்டு போவான். கண் ரோட்டில் பாதி, வேக முள்ளில் பாதி. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் மணியடித்து அவனை முந்திப் போவார். ஆட்டு மந்தை எதிரே வந்தால் அவனை நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டுவதில்லை, அதற்குள் ஆடே கடந்துவிடும். ஊர் சும்மா இருக்குமா? 'நாப்பது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கார் நாப்பது வண்டி ஆயிற்று. பெயரை வைத்தவர் டீக்கடைக்காரர் சீனிவாசகம். ஊர் முக்கில் கடை. வாயைத் திறந்தால் கேலிதான். அவர் மனைவி வீரலட்சுமி மாடத்தியோடு ஒரே ரூமில் வேலை செய்பவள். பாண்டிராஜுக்குத் தங்கை முறை. அந்த வகையில் சீனிவாசகம் அவனுக்கு மச்சான்.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டி ஓட ஆரம்பித்த முதல் நாள் சாயங்காலம், தெருமுனையில் திரும்புவதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். சைலன்சருக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒன்று கிளம்பியது. அவன் சுதாரித்துக்கொள்வதற்குள் தெரு நிறைந்துவிட்டது. தலைமுடியை முடியாமல், கையில் அகப்பையோடு, ஒரு கால் செருப்போடு, எல்லோரும் கண்மாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாண்டிராஜ் காரை விட்டு இறங்கி, "என் வண்டிதான், என் வண்டிதான்," என்று அவர்கள் பின்னால் கத்திக்கொண்டே ஓடினான். திரும்பி வந்த பெண்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

"ஏப்பா பாண்டி, வெடிக்கிற கார ஓட்ட ஒனக்கு வேற ஊரே கெடைக்கலையா? எங்க ஈரக்கொலையெல்லாம் நடுங்கிப்போச்சு. இந்தச் சனியன ஊருக்குள்ள கொண்டாராத. அங்கன கண்மாக்கரையில நிப்பாட்டு."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில்தான் கார் நின்றது. அங்கிருந்து எடுத்து, அங்கேயே கொண்டுவந்து நிறுத்துவான். கம்பெனி இருக்கும் அதே திசை அது. இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பாண்டிராஜ் விருதுநகருக்குப் போய் இருளாண்டியிடம் முறையிட்டான். இருளாண்டி தலையைச் சொறிந்தான்.

"வெடிக்கத்தான் செய்யும். புது பிஸ்டனுக்கு நோகக் கூடாதுன்னு தீப்பொறி விழுற டைமிங்கக் கொஞ்சம் தாமசமா வச்சிருக்கேன். நீ காலை எடுக்கும்போது எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் எரியுது. இப்பவே சரி பண்ணலாம்டா. ஆனா ரிங்கு செட்டாகுறதுக்கு முன்னால டைமிங்க ஏத்துனா என்ஜினுக்கு ஆகாது. ஊர்க்காரங்க ரொம்பச் சங்கடப்படுறாகன்னா சொல்லு, செய்றேன்."

பாண்டிராஜ் யோசித்தான். என்ஜின் கெட்டால் திரும்பவும் முதலிலிருந்து. மாடத்தி வேலையை விடுவதும் தள்ளிப்போகும். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான்.

அதற்குள் ஊர் பழகிக்கொண்டது. கரையில் இறங்கும்போது வண்டி வெடிக்கும். இரண்டாம் நாள் பாதிப்பேர் ஓடினார்கள். அப்புறம் வாசல்வரை வந்து நின்றார்கள். பிறகு அதுவும் இல்லை. 'டமார்' என்று கேட்டால், அரிசி புடைக்கிற கை நிற்காமல், "நாப்பது வந்துருச்சு," என்பார்கள். சீனிவாசகம் ஒரு படி மேலே போனார். சத்தம் கேட்டதும் கிளாஸைக் கழுவி வைத்து, "மாப்ள வாராரு, ஒரு டீ," என்று தனக்குத்தானே ஆர்டர் கொடுத்துக்கொள்வார். பாண்டிராஜ் நடந்து வந்து சேரும்போது டீ தயாராக இருக்கும். அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. டைமிங்கை ஏற்றச் சொல்லி இருளாண்டியிடம் திரும்பவும் போய் நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

"கம்பெனி வரைக்கும் கேக்குது," என்றாள் மாடத்தி ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே. "மொத நாளு கையில இருந்ததக் கீள போட்டுட்டேன். ஃபோர்மேன் ஏசுனாரு. இப்ப எங்களுக்கும் பளகிப்போச்சு. 'ஒங்க வீட்டுக்காரரு கெளம்பிட்டாரு'ன்னு வீராமதினி சிரிக்காக."

"இன்னும் கொஞ்ச நாள்தான். ஆயிரம் முடியப்போகுது."

"முடியட்டும்," என்றாள். கையைத் தட்டிலிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஆயிரம் முடிந்தது. மறுநாள் காலையில் சொன்னபடி இருளாண்டி மொபெட்டில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வேப்பமரத்தடியில் பானட்டைத் திறந்து வைத்தார்கள். பழைய ஆயிலை வடித்தார்கள். அதில் மினுமினுப்பாகத் தூள் மிதந்தது. "பாத்தியா, ஒரசி ஒரசிப் பளகியிருக்கு," என்று இருளாண்டி விரலில் தொட்டுக் காட்டினான். புது ஆயிலை ஊற்றினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை, அதிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் வயர்களோடு சேர்த்துக் கழற்றி, "உள்ள கரி புடிச்சிருக்கு, தொட," என்று பாண்டிராஜிடம் நீட்டினான். பாண்டிராஜ் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் மாடத்தி வரும்போது வண்டியை ஊருக்குள் கொண்டுபோய் வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு 'டமார்'.

பாண்டிராஜுக்குச் சட்டென்று வெட்கமாக வந்தது. அத்தனை நாள் பழக்கம். ஊர்ப் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைக்கூடத் தூக்கிவிட்டான். டீக்கடையிலிருந்து சீனிவாசகத்தின் குரல் கேட்டது. "மாப்ள வாராரு, ஒரு டீ!" யாரோ சிரித்தார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

தூக்கிய கையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருந்தது. வயர்கள் தொங்கின.

அவன் அதைப் பார்த்தான். இருளாண்டி அவனைப் பார்த்தான். கார் பானட்டைத் திறந்து போட்டுக்கொண்டு பேச்சுமூச்சில்லாமல் நின்றது. கண்மாய்க்கு அந்தப் பக்கம், கருவேலமரங்களுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் புகை எழும்பியது.

பாண்டிராஜ் ஊரைப் பார்த்து ஓடினான். தொண்டை கிழியக் கத்தினான். "என் வண்டி இல்ல! என் வண்டி இல்ல!" அவன் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்றுதான் டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். அவன் அந்த மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டினான். "பாருங்க, இது என் கையில இருக்கு! வண்டி ஓடவே இல்ல! கம்பெனி! கம்பெனியில!"

சீனிவாசகத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போனதைப் பாண்டிராஜ் கிட்டத்திலிருந்து பார்த்தான். அதை அவன் கடைசிவரை மறக்கப்போவதில்லை. போட்டு வைத்த டீயை அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடினார். கதவுகள் திறந்தன. ஊர் அலறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"அதக் குடுலே!" என்று பின்னாலேயே ஓடிவந்த இருளாண்டி மூடியைப் பிடுங்கினான். "இது இல்லாம வண்டிய எப்படி எடுப்ப!" இருவரும் திரும்ப ஓடினார்கள். எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று இருளாண்டியின் கைக்குத் தெரியும். டைமிங்கைப் பார்க்க நேரமில்லை. தோராயமாக ஏற்றி வைத்து நட்டை இறுக்கி, பானட்டை அடித்துச் சாத்தினான். "போ!" என்றான். நாற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனி வாசலுக்குச் சற்றுத் தள்ளியே பாண்டிராஜ் காரை நிறுத்தி என்ஜினை அணைத்தான். தீப்பொறிக்குப் பயந்து எந்த வண்டியும் உள்ளே போகக் கூடாது என்பது அவன் காலில் ஊறிப்போன பழக்கம். ஓடிப் போய்ப் பார்த்தான். ஒரு ரூம்தான் போயிருந்தது, மருந்து அடைக்கிற ரூம். மற்ற ரூம்களிலிருந்து எல்லோரும் வெளியே ஓடி வந்திருந்தார்கள். கம்பெனி வேன் லோடு இறக்க சிவகாசிக்குப் போயிருந்தது. வாசலில் ஒரு புங்கமரத்து நிழலில் வீரலட்சுமியைக் கிடத்தியிருந்தார்கள். இடுப்பிலிருந்து கால்வரை சேலை கருகிப்போய் இருந்தது. நினைவு இருந்தது, முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். வலது கையை ஈரத் துணியால் சுற்றியிருந்தாள். பாண்டிராஜைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிஷம் அவனுக்கு உறைக்கவில்லை.

வீரலட்சுமியைப் பின்சீட்டில் மாடத்தியின் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். சீனிவாசகம் முன்னால் ஏறினார்.

சிவகாசி ரோட்டில் வேக முள் நாற்பதைத் தொட்டது. பாண்டிராஜின் கால் பழக்கத்தில் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் மிதித்தான். அறுபது போயிற்று, எண்பது போயிற்று. என்ஜினுக்குள் லொடலொடவென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் 'டமார்' வரும், மடியில் கிடப்பவள் பயந்து துடிப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. எதிரே வந்த லாரிகள் ஒதுங்கின.

"மாப்ளே," என்றார் சீனிவாசகம், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் போகுமா?"

"போகும் மச்சான்."

இன்னும் போனது.

சிவகாசி பெரியாஸ்பத்திரியில் வீரலட்சுமியை உள்ளே தூக்கிப் போனார்கள். மாடத்தியின் கைக்கு மருந்து போட்டுக் கட்டி, வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். பாண்டிராஜ் அவளுக்கு டீ வாங்கி வந்து இடது கையில் கொடுத்தான். அவள் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"ஏங்க," என்றாள். "வீராமதினிய வாசலுக்குத் தூக்கியாந்து போட்டுட்டு பாதையவே பாத்துக்கிட்டு இருந்தோம். சத்தம் கேட்டா ஊரே ஓடிவருமே. இன்னைக்கு ஏன் ஒருத்தரையும் காணோம்? நேரமாகி நேரமாகி யாருமே வரலை. எங்களயெல்லாம் மறந்துட்டாகளோன்னு நெனச்சேன்."

பாண்டிராஜுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"என் வண்டின்னு நெனச்சுட்டாக," என்றான்.

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம் நின்றிருந்த சீனிவாசகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவரக் கொற சொல்லாத மாடத்தி. நான் சிரிச்சேன். அவ அங்கன எரிஞ்சுக்கிட்டு கெடக்கா, நான் டீ ஆத்திக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீரலட்சுமி பிழைத்துவிட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வர மாதக்கணக்கானது, நடையில் ஒரு சாய்வு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. பாண்டிராஜும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

மொபெட்டில் பின்னாலேயே வந்து சேர்ந்த இருளாண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துப் பார்த்தான். "தப்பிச்சிருச்சு," என்றான். முழுக்கத் தப்பவில்லை. அன்றிலிருந்து அந்த என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், காலையில் எடுக்கும்போது நீலப்புகை விடும். அடுத்த வாரம் வேப்பமரத்தடியில் மிச்ச வேலையை முடித்தான். காலண்டர் அட்டையில் ஒரு கீற்றுக் கிழித்து வைத்து பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தான். என்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காதால் கேட்டு நிறுத்தினான். கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினான். கடைசியில் என்ஜின் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு ஓடியது. காலை எடுத்தாலும் சத்தமில்லை.

"அன்னைக்கு அம்புட்டு வேகத்துல போயும் ஒரு தடவகூட வெடிக்கலையே, ஏன்?" என்று பாண்டிராஜ் கேட்டான்.

"காலை எடுத்தாத்தான வெடிக்கும்? அன்னைக்கு நீ எங்க காலை எடுத்த?"

வண்டி வாடகைக்கு ஓட ஆரம்பித்தது. முதல் சவாரியாக மாடத்தியை இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தான். அவள் சொன்னபடி வேலையை விட்டுவிட்டாள். கட்டு அவிழ்த்த வலது கையில் புதுத்தோல் சிவப்பாக இருந்தது. இடது கையைத்தான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் பாண்டிராஜுக்கு நிம்மதி இல்லை.

காரணம் இதுதான். ஒரு நாள் அவன் சீனிவாசகம் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கார் கடை வாசலிலேயே நின்றது. கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம். ஒரு டிப்பர் லாரியின் வேலை என்று அப்புறம் தெரிந்தது. எதிர்வீட்டில் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "நாப்பது," என்றாள். நாப்பதும் அவன் வண்டியும் கண்ணுக்கு எதிரே நிற்கிறார்கள். அவள் காது அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பாண்டிராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். சீனிவாசகம் அவனைப் பார்த்தார். அவரிடம் இப்போது கேலி எதுவும் இல்லை. அந்த ஊருக்கென்று இருந்த காவல் அந்தக் காது ஒன்றுதான். அதைக் கெடுத்தது தன் வண்டி என்று பாண்டிராஜுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவன் ஒரு காரியம் செய்யத் தொடங்கினான். காலையில் சவாரிக்குப் போகும் முன்னும், சாயங்காலம் திரும்பியதும், காரைத் தெருத்தெருவாக ஓட்டினான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆக்சிலேட்டரை மிதித்து, பிறகு காலை எடுத்தான். சத்தமில்லாமல் வண்டி ஊர்ந்தது. அடுத்த வாசலில் திரும்பவும் அப்படியே. பெட்ரோல் வீண் என்று இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டான். கம்பெனிக்குக் கிளம்பி நிற்கிற பெண்கள் சிரித்தார்கள்.

"என்னண்ணே, வண்டிக்கு ஊரச் சுத்திக் காட்டுதீகளா?"

"கேட்டுக்கிடுங்கம்மா," என்பான் பாண்டிராஜ், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "காலை எடுக்கேன், கேக்குதா? ஒண்ணுமில்ல. இந்த வண்டி இனிமே சத்தம் போடாது. இனிமே ஒரு சத்தம் கேட்டா அது என்னோடது இல்ல."

எத்தனை நாள் இப்படிச் சுற்றினான் என்று அவனே எண்ணவில்லை. என்ஜின் பழகியதைவிட ஊர் பழக அதிக நாள் ஆயிற்று. பெண்கள் சிரிப்பதை விட்டார்கள். கார் வருவதையே சில வீடுகளில் கவனிக்காமல் போனார்கள். அவன் சுற்றுவதை நிறுத்தவில்லை.

தை பிறந்து ஒரு சாயங்காலம் டீக்கடை இருக்கும் மேலத்தெருவில் அப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்தான். 'டமார்' என்று ஒரு சத்தம். கண்மாய்ப் பக்கம்.

பாண்டிராஜ் பிரேக்கை மிதித்தான். ஒரு மூச்சு விடும் நேரம் தெரு அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. பீர்க்கங்காய் நறுக்குகிற அம்மா அரிவாள்மணையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள். வானத்தைப் பார்த்தாள், ஓடினாள். தெரு நிறைந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிய, சீனிவாசகம் கடைப்பலகையைத் தாண்டிக் குதித்து ஓடினார். அவர் மனைவி வீட்டில்தான் இருந்தாள், அப்படியும் ஓடினார். சாய்ந்த நடையோடு வீரலட்சுமி வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடத்தி, தோசை மாவு ஒட்டிய கையோடு, செருப்பில்லாமல், காரை உரசிக்கொண்டு ஓடினாள். உள்ளே அவன் இருப்பதை அவள் பார்க்கவில்லை. அத்தனை பேரில் ஒருவர்கூட அவன் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாண்டிராஜ் காரைத் திருப்பி, எல்லோரையும் தாண்டி முன்னால் போனான். கண்மாய்க்கரையில் விறகு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் வெடித்துச் சாய்ந்து நின்றது. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கம்பெனிப் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது.

ஓடி வந்தவர்கள் டிராக்டரைப் பார்த்தார்கள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். யாரோ டிரைவரை ஏச, மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துப் பேசியபடியே ஊருக்குத் திரும்பினார்கள். மாடத்தி கார்க் கதவைத் திறந்து முன்சீட்டில் வந்து விழுந்தாள்.

"எப்பா, எம்புட்டு ஓட்டம். அத்தனையும் வீணு," என்று சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்ன, எதுக்கு அளுதீக?"

பாண்டிராஜ் ஒன்றுமில்லை என்று தலையசைத்தான்.

"வண்டிய எடுங்க, கல்லுல தோசை கருகிருக்கும்."

அவன் எடுக்கத்தான் பார்த்தான். ரோடு தெரியவில்லை. மாடத்தி மாவு ஒட்டாத கையால் சேலைத் தலைப்பை எடுத்து அவன் கண்ணைத் துடைத்துவிடும்வரை வண்டி அங்கேயே நின்றது.